மலைப்பாம்புக்குப் பாவமில்லாத சாப்பாடு

முப்பது வருஷமாகக் கோழிக்கடை வைத்திருக்கிறேன். இளங்கோழி கேட்டு வந்தவர்கள் உண்டு, கொழுப்பில்லாதது கேட்டு வந்தவர்கள் உண்டு, கோழி வேண்டாம் காலை மட்டும் கொடு என்று வந்தவர்களும் உண்டு. "பாவமில்லாத கோழி இருக்கா தங்கச்சி?" என்று கேட்டு வந்து நின்ற ஒரே மனுஷன் ஊ ஓன் பே. அதுவும் தனக்கில்லை. வீட்டில் வளர்த்த மலைப்பாம்புக்கு.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

எங்கள் ஊர் பர்மாவில், ஐராவதியின் ஒரு கிளையாற்றுக் கரையில் இருக்கிறது. படகுத்துறைக்கு எதிரே கடைத்தெரு, அதன் வால் பக்கத்தில் என் கடை, கடைக்குப் பின்னால் ஊ ஓன் பேயின் வீடு. நான் இங்கேயே பிறந்த தமிழச்சி. பேச்சியம்மாள் என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் 'மா பேச்சி' ஆகிப் பல வருஷமாகிறது. புத்தரைக் கும்பிடுகிறவர்கள் கோழி தின்பார்கள், அறுக்க மாட்டார்கள். அதற்குத்தான் நான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது கோழி. என் கணக்கை என் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

ஊ ஓன் பே இருபத்தெட்டு வருஷம் ஆற்றுக்கப்பலில் கழி பிடித்தவர். கப்பலின் முனையில் நின்று, கோடு போட்ட மூங்கில் கழியைத் தண்ணீரில் குத்தி, ஆழம் இவ்வளவு என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மேலே இருப்பவர் சுக்கானைத் திருப்புவார். மனுஷனின் குணமும் அதேதான். எதிலும் ஆழம் சொல்வார், திருப்ப மாட்டார். வீட்டுச் சுக்கான் அவர் மனைவி டோ சோ யின் கையில் இருந்தது. எந்தச் சட்டை போடுவது, யார் கல்யாணத்துக்குப் போவது, பல் வலிக்கு எந்த வைத்தியர் என்று எல்லாம் அவள்தான் சொல்வாள். படகுத்துறையில் சாமிக்கு வைக்கும் பூ விற்றவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். என்னோடு வாரம் ஒரு முறையாவது சண்டை போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு புயலில் அவருடைய கப்பல் கழிமுகத்தில் கவிழ்ந்தது. இரண்டு நாள் தகவலே இல்லை. மூன்றாம் நாள் காலையில் டோ சோ யின் பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போய் முழங்கால் போட்டு, "அவர் உசுரோட வந்தா, இனிமே உசுருள்ள எதையும் என் வாய் தொடாது" என்று சத்தியம் செய்தாள். அன்று மத்தியானம் ஓர் எண்ணெய்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு மிதந்த ஊ ஓன் பேயை மீன்காரர்கள் கரை சேர்த்தார்கள்.

அதிலிருந்து அவள் இறைச்சி தொடவில்லை. மீன் தொடவில்லை. மீனை அழுகவைத்து அரைக்கும் ஙாப்பி இல்லாமல் இந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்காது, அதையும் விட்டாள். பண்ணை முட்டை மட்டும் எப்போதாவது சாப்பிடுவாள். சேவல் சேராத முட்டையில் உயிர் இல்லை என்று மடத்துப் பெரிய பிக்கு சொல்லியிருந்தார். ஒன்பது வருஷம். ஊ ஓன் பே இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

"நான் மூச்சு விடுறது அவ வாயக் கட்டினதால தங்கச்சி."

பிறகு வயிற்றில் கட்டி வந்து, ஒரு மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சாப்பாடு போட்டு, தண்ணீர் ஊற்றிப் புண்ணியத்தைப் பங்கு கொடுத்து அனுப்பினோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அவளுடைய பூக்கூடைக்குள் ஒரு மலைப்பாம்புக் குட்டி சுருண்டு கிடந்தது. என் முழங்கை நீளம்தான் இருக்கும்.

"வந்துட்டா" என்றார்.

அப்படி ஒரு முகத்தை நான் எந்த மனுஷனிடமும் பார்த்ததில்லை. ஆசை விடாமல் செத்தவர்கள் வீட்டுக்கே பாம்பாக வருவார்கள் என்பது இங்கே எல்லாரும் சொல்வதுதான். நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அந்த முகத்துக்கு முன்னால் நின்று 'மழைக்கு ஒதுங்கியிருக்கும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் வந்துவிட்டார். "என்ன குடுக்கிறது தங்கச்சி? அவ பாம்பா வந்திருக்கா சரி. ஆனா சத்தியம் இருக்கே."

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இது ஒரு விஷயமா அண்ணே? எங்க ஆளுங்க காலங்காலமா பாம்புக்குப் பாலும் முட்டையும்தான் வைக்கிறோம். புத்துல கொண்டுபோய் ஊத்துவோம். அதுக்கு அதுதான் சாப்பாடு."

"குடிக்குமா?"

"குடிக்காமலா ஊத்துறோம்?"

இப்படித்தான் சொன்னேன். குடிப்பதை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம், அதுதான் முறை. வடக்கே ஒரு பகோடாவிலும் பாம்புக்கு முட்டையும் பாலும் கொடுக்கிறார்கள் என்று பூக்காரிகளும் எடுத்துக் கொடுத்தார்கள். அவருக்கு அது போதும். ஆட்டுப் பால் வாங்கினார், இரண்டு பண்ணை முட்டையை உடைத்துக் கலக்கினார், கிண்ணத்தில் வைத்தார். பாம்பு திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன புனலும் ரப்பர் குழாயும் வாங்கி வந்து, வாயைத் திறந்து ஊட்டிவிட ஆரம்பித்தார். அதையும் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி.

பாம்பு வளர்ந்தது. அதுதான் வந்த வினை. முதல் வருஷத்தில் இரண்டு முழம், இரண்டாம் வருஷம் முடியும்போது ஆள் உயரம். பளபளவென்று தோல், தொடை பருமன் உடம்பு. மனைவியைக் கூப்பிட்ட மாதிரியே 'மா யின்' என்று கூப்பிட்டுக்கொண்டு தொட்டியில் குளிப்பாட்டுவார். பார்க்க வருகிறவர்களிடம் கிண்ணத்தைக் காட்டுவார்.

"பாருங்க, வெறும் பாலும் முட்டையும்தான். அவளுக்கு ஒட்டுது."

கடைத்தெருவில் எங்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவர் வீட்டை ஒட்டி அரிசிக் கிட்டங்கி. அங்கே பூனை அளவு எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு அடியில், மரக்கால்களுக்கு நடுவே, வயிறு புடைத்து அசையாமல் நாலைந்து நாள் அது படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். "மா யின் தியானத்துல இருக்கா" என்பார். கிட்டங்கிக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பார்க்காதது, கேட்காதது, சந்தேகப்படாதது பாவமில்லை என்பது இவர்கள் கணக்கு. அவர் கண்ணைத் திறக்காமல் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து காத்தோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கெடுத்தவள் நான்.

போன கோடையில் என் கூண்டிலிருந்து கோழி குறைய ஆரம்பித்தது. ஒரு விடியற்காலையில் கூண்டுக்குள்ளேயே பாம்பு படுத்துக் கிடந்தது, விழுங்கிய கோழியோடு வெளியே போக முடியாமல். ஊ ஓன் பே வருவதற்குள் சிதறிய இறகையெல்லாம் பெருக்கி மறைத்தேன், கோழி போனதைச் சொல்லாமல் பாம்பை மட்டும் காட்டினேன். ஆனால் கத்தினேன். தெருவே கூடும்படி கத்தினேன்.

"இன்னிக்குக் கோழிக் கூண்டு, நாளைக்குத் தொட்டில்ல கிடக்கிற பிள்ளை. அண்ணே, ஒண்ணு கட்டிப் போடுங்க, இல்ல நான் ஊர்ப் பெரியவங்ககிட்ட போறேன்."

"சும்மா வெக்கைக்கு ஒதுங்கியிருப்பா" என்று மட்டும் அவர் சொன்னார். அந்த வாரமே வீட்டுக்கு அடியில் தேக்குப் பலகை வைத்து அறை அடைத்து, கம்பி வலை போட்டு, அதை உள்ளே விட்டார். எலி நுழைய ஒரு விரல் சந்துகூட இல்லாத வேலைப்பாடு. நான் போய்ப் பார்த்து, நல்லா இருக்கு என்றும் சொன்னேன்.

அன்றிலிருந்து அதற்கு உண்மையாகவே பாலும் முட்டையும்தான்.

இரண்டு மாதத்தில் முதுகெலும்பு தெரிந்தது. தோல், சின்னப் பையன் போட்டுக்கொண்ட பெரிய அண்ணனின் சட்டை மாதிரித் தொங்கியது. அவர் முட்டையை நாலாக்கினார், ஆறாக்கினார். வளர்கிற உடம்புக்குப் போதவில்லை என்று நினைத்தார். ஊட்ட ஊட்ட அது கக்கியது. வாயோரம் குழாய் உரசிப் புண் வந்து, மஞ்சளாகச் சீழ் கட்டியது. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஏய் தண்டாவை நான்தான் கூட்டி வந்தேன். சின்ன வயசுப் பெண், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

பாம்பின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "பால் யாரு குடுக்கச் சொன்னது?"

நான் வலைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, இதுக்குப் பாலைச் செரிக்கிற வயிறே கிடையாது. இது கறி தின்கிற பிராணி. குட்டியா இருக்கும்போது வாரம் ஒரு சின்ன எலி. வளர வளர இரையும் பெருசாகணும், நாளும் தள்ளணும். இந்த அளவுக்கு வந்தா மூணு வாரத்துக்கு ஒரு தடவை, அதோட உடம்பு பருமன்ல ஒரு கோழியோ முயலோ. முழுசா, எலும்போட, குடலோட. உசுரோட வேணாம், கோழி இதைக் கொத்திப்புடும். புதுசாக் கொன்னதை வெந்நீர்ல காட்டி, சூடா, குச்சியில ஆட்டி ஆட்டிக் குடுங்க."

"பருப்பு?" என்றார் ஊ ஓன் பே.

"ஐயா…"

"நல்லா வேகவெச்சு."

"செத்துப்போகும் ஐயா. இன்னும் ஒரு மாசம் தாங்குறதே சந்தேகம். குழாயைத் தூக்கி ஆத்துல போடுங்க. இந்த மருந்தை வாயில தடவுங்க. கறி குடுங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் அந்த அறைக்கு முன்னால் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காட்டுல விட்டுருவோமா அண்ணே? அது தன் பாட்டுக்குத் தேடித் தின்னுக்கும். உங்க கையில ஒட்டாது."

"இந்த வாய்ப் புண்ணோடயா? அதுவும் இல்லாம, தேடி வீட்டுக்கு வந்தவள எப்படித் தங்கச்சி வெரட்டுறது?"

"அப்ப கறி குடுங்க. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு எங்க ஆளுங்க சொல்வாங்க."

"உனக்குப் புரியல. ஏற்கனவே கீழ இறங்கிப் பாம்பாயிட்டா. இந்தப் பிறவியிலயும் உசுரத் தின்னா அடுத்தது இன்னும் கீழ போவா. எப்ப மேல வர்றது? அதுவும் அந்தச் சத்தியம் எனக்காகப் பண்ணினது. அதை நானே என் கையால ஒடைக்கணுமா? குடுக்காட்டி சாகிறா. குடுத்தா கெட்டுப்போறா. நீயே சொல்லு, எது?"

எனக்கு என்ன தெரியும்? அவர் ஆயுசுக்கும் ஆழம் மட்டும் சொன்னவர். இப்போது சுக்கான் பிடிக்கிறவள் வலைக்குள்ளே கிடந்தாள்.

மறுநாள் அவர் செய்ததைக் கேளுங்கள். சீனர் கோயில் பக்கத்தில் விரதக்காரர்களுக்கென்று ஒரு சைவக் கடை உண்டு. சோயாவில் மாவு பிசைந்து மீன் மாதிரி, வாத்து மாதிரி, கோழித் தொடை மாதிரியே செய்து விற்பார்கள். பல்லில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். டோ சோ யின் அந்தக் கடையில்தான் வாங்குவாள். அங்கே போய் முழு வாத்து ஒன்று, அலகும் இறக்கையும் வைத்துச் செய்தது, சொல்லி வாங்கி வந்தார். டாக்டர் சொன்னபடியே வெந்நீரில் காட்டினார், குச்சியில் கட்டினார், பாம்புக்கு முன்னால் ஆட்டினார். மாவு ஊறிப்போய் வாத்தின் தலை கழன்று விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மடத்துக்குப் போனோம். தனியாகப் போக அவருக்கு வாய் வராது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரிய பிக்கு எல்லாவற்றையும் கேட்டார்.

"உபாசகரே, பாம்புக்குச் சீலம், விரதம் எதுவும் கிடையாது. அந்த அம்மா பண்ணின சத்தியம் அந்த அம்மா உடம்போட முடிஞ்சுது. அது கெடாது."

ஊ ஓன் பேயின் தோள் தளர்ந்தது. "அப்ப ஒரு கோழிய…"

"கொல்லுங்கன்னு என் வாயால வராது. அதை என்கிட்ட எதிர்பார்க்காதீங்க." அப்புறம், "தானாச் செத்தது ஏதாவது கிடைச்சா குடுங்க. அதுல யாருக்கும் பாவமில்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலை என் கடைக்கு வந்து நின்றார், பாவமில்லாத கோழி கேட்டு.

கோடை நாளில் பண்ணையிலிருந்து வரும் கூடைகளில் நெரிசலில் ஒன்றிரண்டு சாவது வழக்கம்தான். ஆனால் மழை பிடித்துவிட்டிருந்தது. கோழிகள் கல்லுக்குண்டாக இருந்தன. "இருங்க அண்ணே, ஏதாவது மண்டையப் போட்டா உங்களுக்குத்தான்" என்று ஒரு முக்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். ஒரு நாள் இல்லை, ஏழு நாள் உட்கார்ந்தார். கோழி சாவதற்காகக் கோழிக்கடையில் காத்திருந்தார். நான் அறுக்கும்போது மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாடிக்கைக்காரர்கள் விடுவார்களா? மீன்காரி ஒருத்தி கேட்டாள்.

"என்ன, புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு?"

"துட்டிக்கு வந்திருக்காரு. இன்னும் யாரும் சாகல" என்றேன். அவரும் சிரித்தார்.

நாலாம் நாள் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டது. இறக்கையை விரித்து, கண் மேலே மேலே செருகியது. எப்படியும் மத்தியானத்துக்குள் போய்விடும் என்று நினைத்து உள்ளே தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மனுஷன் அதை மடியில் வைத்துக்கொண்டு, விரலை வெல்லத் தண்ணீரில் நனைத்து அதன் அலகில் சொட்டுவிட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு கையில் என் விசிறி.

"என்ன அண்ணே பண்ணுறீங்க?"

"தாகமா இருந்துச்சு தங்கச்சி."

"அது பிழைச்சுக்கும் அண்ணே."

"தெரியும்" என்றார். விசிறுவதை நிறுத்தவில்லை. அது பிழைத்துக்கொண்டது. ஏழாம் நாளும் இன்னொன்றை இதே மாதிரி பிழைக்க வைத்தார். வந்த கோபத்துக்கு அவரை அந்த முக்காலியோடு தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன். அங்கே பாம்பு கயிறாகிக்கொண்டிருந்தது. இங்கே சாகிற கோழியை இவர் சாக விட மாட்டார்.

எட்டாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். கடை திறக்குமுன்பே ஒரு கோழியின் கழுத்தைத் திருகி, கூடையின் அடியில் போட்டு, அவர் வந்ததும் எடுத்துக் காட்டினேன்.

"இந்தாங்க, ராத்திரியே போயிருக்கு. அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அது இன்னும் சூடாக இருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்காகப் பொய் சொல்லாத தங்கச்சி. ஒருத்தி எனக்காகச் சுமந்தது போதும்."

கோழியைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை நான் விற்றேன். என்ன செய்ய?

ஒன்பதாம் நாள் வந்தபோது அவர் முக்காலியில் உட்காரவில்லை. தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பகோடாவுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்.

"மா பேச்சி, ஒரு கோழி குடு. எப்படி அறுக்கிறதுன்னு சொல்லிக் குடு. நான் தண்ணி குடுத்தது ரெண்டும் வேணாம்."

"அண்ணே, நான் அறுத்துத் தர்றேன். நாப்பதோட நாப்பத்தொண்ணு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வேணாம். நீ அறுத்தா உனக்குச் சேரும். உசுரோட உள்ள விட்டா அவ கொல்லணும், அவளுக்குச் சேரும். ரெண்டும் வேணாம். நான் கொன்னா எனக்குத்தான. எனக்கு ஆகட்டும். நான் நாயாப் பொறக்கிறேன், புழுவாப் பொறக்கிறேன். அவ இருக்கட்டும்."

அறுபத்தேழு வயசு. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். முதல் தடவையாகத் தானாகச் சுக்கானைத் திருப்பியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வெள்ளைக் கோழியை எடுத்து, காலை எப்படி மிதிப்பது, இறக்கையை எப்படிப் பிடிப்பது, கத்தியை எங்கே வைப்பது என்று காட்டினேன். அவர் முதலில் கோழிக்கு முன்னால் கைகுவித்து மண்டியிட்டார். அப்புறம் கத்தியை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க அண்ணே. கண்ணை மூடினா கை தப்பும். அதுக்குத்தான் வலி."

திறந்தார். செய்தார். கை தப்பவில்லை. எனக்கு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோழி சாவதைப் பார்க்க முடியாமல் போனது.

வெந்நீரில் காட்டி, சூட்டோடு எடுத்துக்கொண்டு ஓடினோம். அவரே அறைக்குள் போய், குச்சியில் கட்டி ஆட்டினார். பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி நீட்டி மோந்தது. ஊர்ந்து வந்து கோழியின் மேல் மூக்கை வைத்து அழுத்தியது.

"சாப்பிடு மா யின். பாவமெல்லாம் எனக்கு வந்துருச்சு. நீ சாப்பிடு" என்று அவர் கெஞ்சினார்.

வாய் கொஞ்சம் திறந்தது. உள்ளே சீழ் கட்டியிருந்த மஞ்சளை நான் பார்த்தேன். திறந்தது பாதியில் நின்று, நடுங்கி, மூடிக்கொண்டது. மறுபடி மோந்தது, மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாம் தடவைக்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, மூலைக்குப் போய்ச் சுருண்டுவிட்டது. ஆறிப்போன கோழியை அவர் மறுபடி மறுபடி வெந்நீரில் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டாள். வெளியே வந்து என்னிடம், "தாடையே அழுகிடுச்சு அக்கா. வாயைத் தொறந்தா உசுர் போற வலி. ரெண்டு மாசம் முன்னாடி கூப்பிட்டிருக்கணும்" என்றாள். அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் சொல்லிக்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது செத்தது.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். கோழியையும் ஒரு துணியில் சுற்றி அதே குழியில் வைத்தார். ஏழாம் நாள் மறுபடியும் பிக்குகளுக்குச் சாப்பாடு போட்டார், முழுக்கச் சைவம். தண்ணீர் ஊற்றிப் புண்ணியத்தைப் பங்கு கொடுக்கும்போது அவள் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளைக் கோழிக்கும் என்று சேர்த்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு நான் பாத்திரம் கழுவவில்லை. அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சொல்லித் தீர்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். பாலும் முட்டையும் சொன்னது நான், எலியைத் தின்றுதான் அது வளர்ந்தது, அடைக்கச் சொன்னது நான், வாய்ப் புண்ணால்தான் அதற்குத் தின்ன முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"அண்ணே, அது ஏன் சாப்பிடலன்னா…"

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். முகம் அழுது வெளுத்திருந்தது, ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. "பசி அவள அந்தப் பாடு படுத்துச்சு. கறி மூக்குக்கு நேரே இருக்கு. மூணு தடவ கிட்ட வந்தா. நீயும் பாத்தல்ல? வாயத் தொறக்கல. பாம்பாப் பொறந்தும் சத்தியத்த விடல அவ. நான்தான் பொறுக்க முடியாம கொலை பண்ணிட்டேன். அவ காப்பாத்திட்டா."

என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"ஆமா அண்ணே" என்றேன்.